இணையத்தளம் முதலாளிக்கா, பார்க்க வருபவருக்கா? இணையத்தளம் செய்து கொடுப்பவர்களுக்கான கேள்வி பதில்

பாசிக்குடாவிலிருந்து: விடுதி முதலாளி தன் இணையத்தள முகப்பில் தானாக ஓடும் வீடியோ கேட்கிறார். எப்படி மறுப்பது?

உடனே மறுக்காதீர்கள் தம்பி. ஏன் கேட்கிறார் என்று விசாரியுங்கள். அறைகள் நிரம்ப வேண்டும், அதுதான் அவர் தேவை. வீடியோ அதற்கு அவருக்குத் தோன்றிய வழி. பார்க்க வருபவர் தேடுவது வாடகை, காலியான நாட்கள், கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள், கொழும்பிலிருந்து வரும் வழி. ஒரு நல்ல படத்தை வைத்து, அழுத்தினால் மட்டும் வீடியோ ஓடும்படி செய்யுங்கள். அப்புறம் அவர் கேட்டபடி வீடியோ தானாக ஓடும் பக்கத்தை விலை குறைந்த போன் ஒன்றில் அவரிடமே கொடுத்து, வைஃபையை நிறுத்திவிட்டு, "சனிக்கிழமைக்கு அறை இருக்கா, பாருங்க சேர்" என்று சொல்லுங்கள். காத்திருப்பு 10 விநாடியைத் தாண்டினால் கவனம் கலைந்துவிடும் என்று கணினிப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993இலேயே எழுதினார். முதலாளி அதைத் தானே அனுபவிக்கட்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த கடை விவரத்தை அப்படியே போடலாமா?

கூடாது. பாமினியில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். தமிழில் தேடுபவருக்கு அந்தக் கடை அகப்படாது. பார்வையற்றவருக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானும் உளறும். கணினி தமிழாகவே அறியும் பொதுக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றி, ஒருவரை வைத்துப் பிழை பாருங்கள். எழுத்தைப் படமாக்கிப் போடுவதும் இதே தவறுதான்.

காத்தான்குடியிலிருந்து: துணிக்கடை முகப்பில் மாறி மாறி ஓடும் படங்கள்?

பாசிக்குடாத் தம்பிக்குச் சொன்னதை வாசியுங்கள்.

செங்கலடியிலிருந்து: காசு தருபவர் சொன்னதைச் செய்துவிட்டுப் போவதுதானே?

நிறம், படம், வாசகம் என்றால் சரி, அவர் விருப்பம். வெளிர் சாம்பல் எழுத்து கேட்டால் மட்டும் நில்லுங்கள்: சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்பது, பார்வை குறைந்தவர் உட்பட எல்லாரும் வாசிக்க வகுத்த அணுகல் தரநிலை.

அவரே மீண்டும்: வேலையே கிடைக்காத எங்களுக்கு இந்தப் பேச்சு சரிவருமா அண்ணா?

வரும். விட்டுக்கொடுக்க நிறைய இருக்கிறது, விட்டுக்கொடுங்கள். ஆனால் கூடுதல் கட்டணத்தைக் கடைசிப் பக்கம்வரை மறைக்கச் சொன்னால், ரத்துச் செய்யும் பொத்தானை ஒளிக்கச் சொன்னால் செய்யாதீர்கள். ஏமாந்தவர் திரும்பி வரமாட்டார். நம் ஊரில் அந்தக் கதை நாலு பேருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கெட்ட பெயர் முதலாளிக்கு, அடுத்த வேலை போவது உங்களுக்கு. இதை அவரிடம் இப்படியே சொல்லுங்கள், கேட்பார்.

பொத்துவிலிலிருந்து: தளத்தை எத்தனை பேரிடம் கொடுத்துச் சோதிப்பது?

ஒவ்வொரு சுற்றுக்கும் 5 பேர் போதும். அலைச்சறுக்க வரும் வெளிநாட்டவரையும் உள்ளூராரையும் தனித்தனியாகப் பாருங்கள். அவர்கள் தடுமாறும்போது வாய் திறக்காதீர்கள், முதலாளியையும் பேசாமல் பக்கத்தில் இருத்துங்கள்.

ஏறாவூரிலிருந்து: திறந்ததும் பாட்டு?

வேண்டாம்.

கல்முனையிலிருந்து: முகப்பில் வீடியோ...

தங்கச்சி, முதல் பதில்.