கரைசல் தயாரிப்பு: கேளுங்கள், சொல்கிறேன்

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் முப்பது வருடம் கரைசல் கலக்கியவன் நான். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: 37 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து 0.1 நார்மல் கரைசல் 1 லிட்டர் வேண்டும். எத்தனை மி.லி. எடுப்பது?

37 சதவீதம் என்பது எடைக்கு எடை. 100 மி.லி.யில் 37 கிராம் என்று எடுத்துக்கொண்டால் அங்கேயே கணக்கு கெட்டது. லேபிளில் அடர்த்தி 1.18 என்றிருந்தால் ஒரு லிட்டர் அமிலத்தின் எடை 1180 கிராம். அதில் 37 சதவீதம் ஏறக்குறைய 437 கிராம். மூலக்கூறு எடை 36.46ஆல் வகுத்தால் 12 மோலார், அதாவது லிட்டருக்கு 12 மோல். நார்மாலிட்டி என்பது லிட்டருக்கு எத்தனை சமான எடை என்ற கணக்கு; சமான எடை என்பது மூலக்கூறு எடையை, அது தரும் ஹைட்ரஜன் அல்லது கைமாறும் எலக்ட்ரான் எண்ணிக்கையால் வகுத்தது. ஒரே ஹைட்ரஜன் தரும் இந்த அமிலத்துக்கு மோலாரிட்டியும் நார்மாலிட்டியும் ஒன்றுதான். 0.1ஐ 1000 மி.லி.யால் பெருக்கினால் 100; அதை 12ஆல் வகுத்தால் 8.3 மி.லி.

குடுவையில் பாதிக்கு மேல் தண்ணீர் வைத்து, அதில் அமிலத்தை ஊற்றி, ஆறவிட்டு, அப்புறம் கோடு வரை நிரப்புங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து அதில் அமிலத்தைச் சேர்ப்பது வேறு, ஒரு லிட்டராக நிரப்புவது வேறு. இதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். பாட்டிலைத் திறக்கத் திறக்க ஆவி போகும். அதனால் இப்படித் தயாரித்தது தோராயமாகத்தான் 0.1. சோடியம் கார்பனேட்டை வைத்துத் தரம் பார்த்த, அதாவது உண்மைச் செறிவை அளந்த பிறகே லேபிள் ஒட்டுங்கள்.

கேள்வி: 2 நார்மல் வேண்டுமானால்?

அதே கணக்கில் 0.1க்குப் பதில் 2. விடை 167 மி.லி.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். 0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலம் 250 மி.லி. தயாரிக்க 1.125 கிராம் எடுத்தேன். 20 மி.லி.க்கு 0.1 நார்மல் பர்மாங்கனேட் 14.3 மி.லி.தான் செலவாகிறது. எங்கே தப்பு?

சமான எடையை 45 என்று போட்டிருக்கிறாய் அம்மா. அது நீரற்ற அமிலத்துக்கு. உன் பாட்டிலில் இருப்பது இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த படிகம். எடை 126, சமான எடை 63. எடுத்திருக்க வேண்டியது 1.575 கிராம். உன் கரைசல் 0.0714 நார்மல், 14.3 மி.லி. சரியாகப் பொருந்துகிறது. தரம் பார்த்ததில் குறையே இல்லை. லேபிளைப் படித்திருக்கலாம்.

கேள்வி: நார்மாலிட்டியைத் தவிர்க்கும்படி சர்வதேச வேதியியல் அமைப்பான ஐயூபேக்கே சொல்கிறது. நீங்கள் இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்களே?

கணக்கு சுலபம் என்பதால்தான். இரண்டு பக்கமும் கன அளவை நார்மாலிட்டியால் பெருக்கினால் சமம், அவ்வளவுதான். மோலாரிட்டியில் பர்மாங்கனேட்டுக்கு 2, ஆக்சாலிக்குக்கு 5 என்று விகிதத்தை நினைவில் வைக்க வேண்டும். தேர்வுப் பதற்றத்தில் பாதிப் பேர் அதைத் தலைகீழாகப் போடுவார்கள்.

அதே நண்பர்: சரி, பாட்டிலில் ‘0.1 நார்மல் பர்மாங்கனேட்’ என்று மட்டும் இருந்தால் எந்த ஊடகத்துக்கு?

இது என்னைக் குத்தும் கேள்வி. அமில ஊடகத்தில் பர்மாங்கனேட் 5 எலக்ட்ரான் வாங்கும், சமான எடை 31.6. நடுநிலை ஊடகத்தில் மாங்கனீசு டை ஆக்சைடாக நின்றுவிடும், 3 எலக்ட்ரான்தான். ஆக அதே பாட்டில் அங்கே 0.06 நார்மல். ஒருமுறை நானே இப்படி எழுதி வைத்து, இன்னொரு வகுப்பு அதை நடுநிலையில் பயன்படுத்தி, ஒரு மதியம் முழுக்க வீணாயிற்று.

இன்னொருவர்: பாஸ்பாரிக் அமிலமும் அப்படித்தானே? மெத்தில் ஆரஞ்சு போட்டால் ஒரு ஹைட்ரஜன் கணக்கு, பினாப்தலீன் போட்டால் இரண்டு.

ஆமாம். ஒரே அமிலம், நிறங்காட்டி மாறினால் நார்மாலிட்டி மாறும். லேபிள் விஷயத்தில் தோற்றுவிட்டேன்: அந்தப் பர்மாங்கனேட் பாட்டிலில், 0.1ஐ 5ஆல் வகுத்து, 0.02 மோலார் என்றே எழுதுங்கள், அது எந்த ஊடகத்திலும் மாறாது. கரும்பலகையில் நார்மாலிட்டியை விட மாட்டேன்.

கேள்வி: 0.9 சதவீத சலைன் எத்தனை மோலார்?

லிட்டருக்கு 9 கிராம் உப்பு, 58.44ஆல் வகுத்தால் 0.154. வீட்டில் கலந்து ஊசியில் ஏற்றும் எண்ணம் இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்த பொருள்களின் மொத்த அளவு) மீட்டரில் 1200 பிபிஎம் காட்டுகிறது. குடிக்கலாமா?

தண்ணீரில் பிபிஎம் என்றால் லிட்டருக்கு மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி 500 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை. ஆனால் அந்த மீட்டர் அளப்பது மின்கடத்தலை. புளோரைடு 1.5ஐத் தாண்டியிருக்கிறதா என்று அது சொல்லாது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள்.

கேள்வி: 0.5 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எப்படி?

முதல் பதில்.

கேள்வி: 98 சதவீத கந்தக அமிலம் வாங்கி பேட்டரிக்கு நானே கலக்கலாமா?

வேண்டாம். கலந்தே விற்கிறார்கள்.

கேள்வி: 1 நார்மல் ஹைட்ரோ...

83 மி.லி. அமிலம், லிட்டர் கோடு வரை நிரப்புங்கள்.

கேள்வி: என் பாட்டிலில் 35 சதவீதம், அடர்த்தி 1.18 என்று போட்டிருக்கிறது. அப்படியானால் 8.3 மி.லி. சரிவராதே?

அப்பாடா, லேபிளைப் படித்த ஒருவர்! வராதுதான். உங்களுடையது 11.3 மோலார். 0.1 நார்மல் லிட்டருக்கு 8.8 மி.லி. எடுங்கள்.