உச்சவரம்புக்குள் தற்காப்பு வீரர்கள்: பெரிய ஒப்பந்தம் யாருக்கு?

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து, என்எஃப்எல் என்னும் அமெரிக்கக் கால்பந்து லீக்கின் சம்பள விதிகளை அப்படியே பின்பற்றும் அணி மேலாண்மை விளையாட்டு ஒன்றைக் கணினியில் ஆடி வருகிறோம். என் தற்காப்பு வரிசையில் ஐந்து பேர் புதிய ஒப்பந்தம் கேட்கிறார்கள். இருவருக்குத்தான் பெரிய தொகை தர இடமிருக்கிறது. ஒருவர் 25 வயது எட்ஜ் ரஷர் (வரிசையின் ஓரத்திலிருந்து பாய்ந்து, பந்தை எறியும் குவாட்டர்பேக்கை நெருக்குபவர்), சென்ற பருவத்தில் 9 சாக் (குவாட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்தவர், இன்னும் ஓராண்டு ஒப்பந்தம் மீதமுள்ளவர். இரண்டாமவர் 15 சாக் எடுத்த 30 வயது எட்ஜ் ரஷர். மற்ற மூவர், 7 இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது) எடுத்த கார்னர்பேக் (பந்தைப் பிடிக்க ஓடுபவரை மறிப்பவர்), 150 டேக்கிள் (பந்தோடு வருபவரை வீழ்த்துவது) செய்த நடு லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்), 6 சாக் எடுத்த சேஃப்டி (எல்லோருக்கும் பின்னால் காவல் நிற்பவர்). யாரை வைத்துக்கொள்வது? (டாலஸ் அருகே வசிக்கும் வாசகர்)

பதில்: 25 வயதுக்காரருக்கு உடனே கொடுங்கள். கார்னர்பேக்குக்கு ஒரு சோதனை வைத்துவிட்டுக் கொடுங்கள். மற்ற மூவரையும் உங்கள் விலைக்கு வந்தால் வைத்துக்கொள்ளலாம், வராவிட்டால் விட்டுவிடலாம். நீங்கள் கொடுத்திருக்கும் எண்களில் இந்த முடிவுக்கு ஆதாரம் ஏறக்குறைய இல்லை என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், தொகையை டாலரில் பார்க்கும் பழக்கத்தை விட்டு, அந்த ஆண்டின் உச்சவரம்பில் (ஓர் அணி தன் வீரர்களுக்குச் செலவிட லீக் அனுமதிக்கும் மொத்தத் தொகையில்) அது எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். 2018இல் ராம்ஸ் அணி ஆரன் டொனால்டுக்கு ஆண்டுக்குச் சராசரி 2.25 கோடி டாலர் கொடுத்தபோது உச்சவரம்பு 17.72 கோடி, அதாவது 12.7 விழுக்காடு. 2025இல் கிரீன்பே அணி மைக்கா பார்சன்ஸுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 18.8 கோடி, ஆண்டுக்கு 4.7 கோடி கொடுத்தபோது உச்சவரம்பு 27.92 கோடி, 16.8 விழுக்காடு. டாலரில் இரு மடங்கைத் தாண்டிவிட்ட விலை, விழுக்காட்டில் நான்கு புள்ளிதான் ஏறியிருக்கிறது. ஆகவே உச்சவரம்பு ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் இன்று கண்ணைக் கரிக்கும் தொகை மூன்றாம் ஆண்டில் சாதாரணமாகத் தெரியும். ஆனால் அந்த மூன்றாம் ஆண்டிலும் வீரர் இதே தரத்தில் ஆடிக்கொண்டிருந்தால்தான் இந்தக் கணக்கு உங்களுக்குச் சாதகம்.

எது அடுத்த ஆண்டும் தொடரும், எது தொடராது என்பதுதான் உங்கள் பட்டியலின் உண்மையான கேள்வி. சாக் என்பது குவாட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரை வீழ்த்துவது. அவரை அவசரப்படுத்துவது, இடித்துத் தள்ளுவது, வீழ்த்துவது எல்லாம் சேர்ந்தது பிரஷர். சுமாராக ஐந்தாறு பிரஷர்களில் ஒன்றுதான் சாக்காக முடிகிறது. அந்த ஒன்று விழுவதும் விழாததும் எதிரணிக் குவாட்டர்பேக் பந்தை எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தார், பின்னால் உங்கள் கார்னர்பேக்குகள் ஆட்களை எவ்வளவு இறுக்கமாக மறித்தார்கள் என்பதையெல்லாம் பொறுத்தது. கிரிக்கெட்டில் ஒரு முனையில் ஒருவர் இறுக்கிப் பிடித்து வீச, மறுமுனையில் இன்னொருவருக்கு விக்கெட் விழுமே, அதே நிலைமைதான் இங்கும். பிரஷர் விகிதம் ஆண்டுக்காண்டு பெரிதாக மாறுவதில்லை. சாக் எண்ணிக்கை தாறுமாறாக ஏறி இறங்கும்.

டிரே ஹெண்ட்ரிக்சனின் கதை இதற்கு நல்ல உதாரணம். நியூ ஆர்லியன்ஸ் அணியில் முதல் மூன்று பருவங்களில் சேர்ந்து 6.5 சாக் எடுத்தவர், 2020இல் மட்டும் 13.5 எடுத்தார். ஒரே ஒரு நல்ல ஆண்டை நம்பிப் பணம் போடலாமா என்ற சந்தேகத்துக்கு நடுவே, சின்சினாட்டி நான்கு ஆண்டுக்கு 6 கோடி கொடுத்து அவரை எடுத்தது. 2021இல் 14 சாக். 2022இல் அது 8 ஆகக் குறைந்தது. அந்த எட்டைப் பார்த்து அவர் முடிந்துவிட்டார் என்று முடிவு கட்டியவர்கள் 2023இலும் 2024இலும் தலா 17.5 சாக்கைப் பார்த்தார்கள். உங்கள் 25 வயதுக்காரரின் 9 சாக்கையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். அவர் பாஸ் ரஷ் செய்த (குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்த) தடவைகளில் எத்தனையில் பிரஷர் கொடுத்தார், அதில் எத்தனை, ஆள் மறிக்காமல் சும்மா கிடைத்தவை என்று விளையாட்டின் புள்ளிவிவரப் பக்கத்தில் எண்ணிப் பாருங்கள். ஏழெட்டு ரஷ்ஷுக்கு ஒன்று என்ற கணக்கில் வந்தால் தயங்கவே வேண்டாம்.

30 வயதுக்காரரின் 15 சாக் உங்களை மயக்கும். இங்கே திறமையைவிட ஒப்பந்தத்தின் நீளமே ஆபத்து. 2022 மார்ச்சில், 33ஐ எட்டிக்கொண்டிருந்த வான் மில்லருக்கு பஃபலோ ஆறு ஆண்டு, 12 கோடி டாலர் என்று கையெழுத்திட்டது. முதல் 11 ஆட்டங்களில் 8 சாக் எடுத்தார். நவம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்தது. 2023 பருவத்தில் ஒரு சாக்கும் இல்லை. 2025 மார்ச்சில் அணி அவரை விடுவித்தது. மாறாக, 2025 ஜூலையில் பிட்ஸ்பர்க் 30 வயது டி.ஜே. வாட்டுக்கு ஆண்டுக்கு 4.1 கோடி கொடுத்தது, ஆனால் மூன்றே ஆண்டுகளுக்கு. உங்களவர் வாட் அல்லர் என்றால் உத்தரவாதம் (அவரை நீக்கினாலும் கொடுத்தே ஆக வேண்டிய பணம்) இரண்டு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது.

உத்தரவாதம் என்றதும் பலர் கோட்டைவிடும் ஒரு கணக்கைக் காட்டிவிடுகிறேன். நான்கு ஆண்டு, 10 கோடி ஒப்பந்தம். அதில் 4 கோடி சைனிங் போனஸ் என்று வைத்துக்கொள்வோம். போனஸ் கையோடு வீரரிடம் போய்விடும், ஆனால் கணக்கில் ஆண்டுக்கு 1 கோடியாகப் பரவும். இரண்டு ஆண்டு கழித்து அவரை நீக்கினால், இன்னும் பற்று வைக்காத 2 கோடி டெட் மணியாக உங்கள் உச்சவரம்பின் மேல் வந்து விழும். ஆள் இல்லை, செலவு மட்டும் இருக்கும். முதல் ஆண்டுச் சுமையைக் குறைக்க ஆசைப்பட்டு, ஆடப்போகாத ஐந்தாம் ஆண்டு ஒன்றைக் காகிதத்தில் சேர்த்தால், ஆண்டுக்கு 80 லட்சம்தான் பற்று. ஆனால் அதே இரண்டாம் ஆண்டு முடிவில் நீக்கினால் 2.4 கோடி விழும். இந்தப் பரவலுக்கு விதி அனுமதிக்கும் எல்லை ஐந்து ஆண்டுகள். இளைஞருக்கு இந்த வித்தையைச் செய்யலாம், முப்பதைத் தாண்டுபவருக்குச் செய்யாதீர்கள்.

கார்னர்பேக்குக்கு வருவோம். இன்டர்செப்ஷன் எண்ணிக்கை சாக்கைவிடவும் நம்பத்தகாதது. டிரெவன் டிக்ஸ் 2021இல் டாலஸுக்காக 11 எடுத்தார், அடுத்த ஆண்டு 3. சாஸ் கார்ட்னர் முதல் மூன்று பருவங்களில் மொத்தமே 3தான் எடுத்திருந்தார். ஆனாலும் 2025 ஜூலையில் ஜெட்ஸ் அணி அவருக்கு நான்கு ஆண்டுக்கு 12.04 கோடி கொடுத்தது, ஏனென்றால் அவர் நிற்கும் பக்கம் குவாட்டர்பேக்குகள் பந்தை எறியவே தயங்கினார்கள். அதே பருவத்தின் நடுவில் ஜெட்ஸ் அவரை இண்டியானாபோலிஸுக்கு மாற்றிவிட்டது. அப்போதும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளும் (டிராஃப்ட் எனும் புதுமுகத் தேர்வில் முதல் சுற்றில் வீரரை எடுக்கும் உரிமை) ஓர் இளம் ரிசீவரும் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) கிடைத்தார்கள் என்றால் சந்தை அவரை எப்படி மதித்தது என்று புரியும். எனவே சோதனை இதுதான்: எதிரணியின் முதல்தர ரிசீவரை உங்கள் கார்னர்பேக் துணையின்றித் தனியாக மறிக்கிறாரா, அவர் பக்கம் பந்து அடிக்கடி வருகிறதா? அடிக்கடி வருவதால்தான் 7 கிடைத்தது என்றால், விட்டுவிடுங்கள்.

கான்சாஸ் சிட்டி இதில் கறாரான அணி. 2020 டிராஃப்டின் நான்காம் சுற்றில் எடுத்து வளர்த்த எல்ஜேரியஸ் ஸ்னீடை, விலை ஏறியதும் 2024 மார்ச்சில் டென்னசிக்கு மாற்றிவிட்டது. அவருக்கு அங்கே நான்கு ஆண்டு, 7.64 கோடி. அதே மாதத்தில் களத்தின் நடுவிலிருந்து குவாட்டர்பேக்கை நெருக்கும் கிறிஸ் ஜோன்ஸுக்கு ஐந்து ஆண்டு, 15.875 கோடி கொடுத்துத் தக்கவைத்தது. கார்னர்பேக்கை டிராஃப்டில் மறுபடி கண்டுபிடிக்கலாம், ஜோன்ஸைப் போன்ற ஒருவரைக் கண்டுபிடிப்பது அரிது என்பது அவர்கள் கணிப்பு. எனக்கும் அதில் உடன்பாடுதான்.

லைன்பேக்கரின் 150 டேக்கிளில் எத்தனை, எதிரணி எட்டு கெஜம் முன்னேறிய பிறகு நடந்தவை என்று பாருங்கள். பாதி அப்படியிருந்தால் அது மோசமான முன்வரிசையின் அறிகுறியே தவிர, அவருடைய சாதனை அன்று. சேஃப்டியின் 6 சாக் பயிற்சியாளர் அவரை முன்னே அனுப்பியதால் வந்தது. 2020இல் ஜமால் ஆடம்ஸ் 9.5 சாக் எடுத்தார், டிஃபென்சிவ் பேக் (கார்னர்பேக், சேஃப்டி போன்ற பின்வரிசைத் தற்காப்பு வீரர்) ஒருவருக்கு அது சாதனை. சியாட்டில் 7 கோடி கொடுத்தது. 2021இல் ஒன்றும் இல்லை, 2024இல் விடுவிக்கப்பட்டார்.

கடைசியாக, நேரம். எட்ஜ் ரஷர்களின் விலையையே பாருங்கள்: 2025 மார்ச்சில் மேக்ஸ் கிராஸ்பி ஆண்டுக்கு 3.55 கோடியில் கையெழுத்திட்டார். சில நாட்களில் மைல்ஸ் கேரட் 4 கோடி. ஜூலையில் வாட் 4.1, ஆகஸ்ட் இறுதியில் பார்சன்ஸ் 4.7. ஆறே மாதத்தில் ஏறிய ஏற்றம் இது. பார்சன்ஸின் ஒப்பந்தத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த உங்கள் ஊர் டாலஸ் அணி, இறுதியில் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளுக்கும் கென்னி கிளார்க் என்ற முன்வரிசைத் தற்காப்பு வீரருக்கும் ஈடாக அவரை கிரீன்பேக்குக் கைமாற்றியது. உங்கள் 25 வயதுக்காரரிடம் ஓராண்டு ஒப்பந்தம் மீதமிருப்பது காத்திருப்பதற்கான காரணமன்று, மலிவாக முடிக்கக் கிடைத்த வாய்ப்பு. பருவம் தொடங்குவதற்குள் பேசி முடியுங்கள். அவர் மூன்றாம் ஆண்டுக்கும் உத்தரவாதம் கேட்டால் கொடுங்கள். நான்காம் ஆண்டுக்கும் கேட்டால், அதற்கு ஈடாக சைனிங் போனஸைக் குறைத்துவிடுங்கள்.