சேஜ்மேத் என்ற கணித மென்பொருளை அப்டேட் செய்ததும் முப்பரிமாண வரைபடம் வேறு மாதிரி திறக்கிறதே, ஏன்?

2020 ஜனவரியில் வந்த 9.0 பதிப்பு முதல், முப்பரிமாண வரைபடங்கள் தானாகவே த்ரீ.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பில்தான் திறக்கும். முன்பிருந்த ஜேமோல், மூலக்கூறுகளைப் பார்க்க ஜாவாவில் எழுதப்பட்ட மென்பொருள். பிரவுசர்கள் ஜாவாவைக் கைவிட்ட பிறகு, அதன் ஜாவாஸ்கிரிப்ட் வடிவமான ஜேஎஸ்மோல், பிரவுசரில் கட்டளைகளை எழுதி இயக்கும் பக்கமான நோட்புக்கில் கைகொடுத்தது. ஆனால் புள்ளிகள் அதிகமுள்ள வளைபரப்பைச் சுழற்றினால் திணறும். த்ரீ.ஜேஎஸ், பிரவுசரில் படம் வரையும் வசதியான வெப்ஜிஎல் வழியாக கிராபிக்ஸ் சிப்பிடம் வேலையைக் கொடுப்பதால் படம் மவுஸோடு கூடவே திரும்புகிறது. வகுப்பில் சேணப் புள்ளியை (ஒரு திசையில் மேலேயும் மறு திசையில் கீழேயும் வளையும் இடத்தை) எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்ட இது எவ்வளவு பெரிய வசதி!

சரி, பழையதே வேண்டுமா? ஷோ கட்டளையில் வியூவர் என்ற இடத்தில் ஜேமோல் என்று கொடுங்கள். அச்சுக்கு அசையாத படம் போதுமென்றால் அங்கே டேக்கியான் என்று கொடுங்கள். ஒளிக்கதிரின் பாதையைக் கணக்கிட்டு வரைவதால் பளிச்சென்று வரும்.