பாத்ரூம் தரைக்கு என்ன கல்லு? முதல்ல கழுவுற பாட்டிலைச் சொல்லுங்க!

வீடு கட்டுறவங்க கேள்வி பதில்

கேள்வி: சார், புது வீடு கட்டிட்டு இருக்கோம். பாத்ரூம்ல குளிக்கிற இடத்தை மட்டும் 4க்கு 3 அடி தனியா தடுக்கிறோம், அங்க டைல்ஸ் வேண்டாம், நிஜக் கல்லு போடணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. வீட்டுக்காரர் கடப்பா போதும்ங்கறார், கடைக்காரர் வெள்ளை மார்பிள் போட்டா ரிச்சா இருக்கும்ங்கறார், கொத்தனார் இதெல்லாம் வம்பு, பேசாம டைல்ஸே போடுங்கம்மாங்கறார். மாமியாருக்கு 74 வயசு. போர் தண்ணி, கொஞ்சம் உப்பு. எதைப் போடலாம்?
(வாசகி, கோவில்பட்டி)

பதில்: எல்லாத்தையும் எழுதிட்டு முக்கியமானதை விட்டுட்டீங்களேம்மா. பாத்ரூமை எதை ஊத்திக் கழுவுறீங்க? நம்ம ஊர்ல முக்காவாசி வீட்ல பதில் ஒண்ணுதான், ஆசிட். இல்லன்னா டாய்லெட்டுக்கு வாங்கின பாட்டிலையே தரைக்கும் ரெண்டு சுத்து ஊத்துறது, பெரும்பாலும் அதுலயும் ஆசிட்தான்.

இதை ஏன் கேக்குறேன்னா மார்பிள், கடப்பா, கோட்டா, தாண்டூர், இது எல்லாமே சுண்ணாம்பு வகைக் கல்லு. பேரும் கலரும்தான் வேற, உள்ள இருக்கிறது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டா புஸ்ஸுனு நுரை வரும், மேல் தோல் போயிடும், கருப்பு கடப்பா சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துடும். உங்களுக்கு உப்புத்தண்ணி வேற. அந்தத் தண்ணி காஞ்சு வெள்ளையா படியுதே, அதுவும் பெரும்பாலும் அதே கால்சியம் கார்பனேட்தான், அதாவது கறையும் கல்லும் ஒரே பொருளு, கறையைக் கரைக்கிற எதுவா இருந்தாலும் கல்லையும் சேத்துத்தான் கரைக்கும். அதனால உப்புத்தண்ணி வீட்ல குளிக்கிற தரைக்கு சுண்ணாம்புக் கல்லு வேண்டவே வேண்டாம்ங்கறது என் கட்சி. வராண்டாவுக்கு, கிச்சன் ஷெல்ஃபுக்கு கடப்பா தாராளமா போடுங்க, உங்க வீட்டுக்காரர் மனசும் நோகாது.

அப்போ மிச்சம் கிரானைட். கிருஷ்ணகிரி, மதுரைப் பக்கத்துக் கல்லே போதும், தூர தேசத்துல இருந்து எதுவும் வர வேண்டாம். வீட்ல புழங்குற ஆசிட் அந்தக் கல்லை அவ்வளவு சுலபமா ஒண்ணும் பண்ணாது (கல்லுக்கு நடுவுல இருக்கிற சிமெண்ட் ஜாயிண்ட்டை அரிச்சிடும், அதனால கிரானைட் போட்டாலும் ஆசிட்டைக் குறைங்க). ஆனா கிரானைட்னதும் கடைல பளபளன்னு பாலிஷ் போட்டதைத்தான் எடுத்துக் காட்டுவாங்க. அதை மட்டும் குளிக்கிற இடத்துல போட்டுடாதீங்க. நான் போட்டேன். 12 வருஷம் முன்னாடி சொந்த வீட்ல, முகம் பாக்கலாம் போல கருப்பு கிரானைட், ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிக்கப் போன எங்கம்மா சர்ருன்னு வழுக்கி, குழாயைப் பிடிச்சதால தப்பிச்சாங்க. மறுநாளே அம்மி கொத்துறவரைக் கூட்டிட்டு வந்து தரையைக் கொத்த விட்டேன், கீழ இருக்கிற வாட்டர்ப்ரூஃபிங் அதிருமேனு பாதியில நிறுத்தி கடைசில கல்லையே பேத்து மாத்தினேன். சைட்டு சைட்டா போய் அட்வைஸ் பண்றவன் வீட்லயே இந்த லட்சணம்.

கிணத்தடியில துணி துவைக்கிற கல்லைப் பாத்திருப்பீங்க, வருஷக்கணக்கா சோப்பும் தண்ணியும் பட்டும் ஏறி நின்னா கால் நிக்கும், காரணம் அதோட சொரசொரப்பு. கடைல அந்த மாதிரி சொரசொரப்பா கிடைக்கிறதுக்குப் பேரு ஃபிளேம் ஃபினிஷ், கல்லு மேல நெருப்பை வேகமா ஓட்டுவாங்க, அந்தச் சூட்டுல மேல இருக்கிற பொடிப் பொடிச் சில்லு தெறிச்சு சொரசொரப்பாயிடும். மெல்லிசு கல்லு சூடு தாங்காம விரிஞ்சிடும், 18, 20 மில்லி கனம் கேளுங்க. ரொம்ப சொரசொரன்னா மாமியார் பாதம் நோகும், அழுக்கும் தங்கும், அதுக்கு லெதர் ஃபினிஷ்னு நடுத்தரமா ஒண்ணு இருக்கு, தடவினா தோல் மாதிரி இருக்கும். கடைக்காரர்கிட்ட ஒரு துண்டு வாங்கி தண்ணி, சோப்பு, ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு வெறுங்காலால தேச்சுப் பாத்து நீங்களே முடிவு பண்ணுங்க, ஏன்னா லெதர்லயே ஒவ்வொரு கல்லுக்கும் பிடிப்பு ஒவ்வொரு மாதிரி.

கலர் விஷயத்துல சாம்பல் கலந்ததா, புள்ளி போட்டதா எடுங்க. கன்னங்கரேல்னு இருந்தா உப்பு பளிச்சுனு தெரியும், வெளிர் கலர்னா மஞ்சளும் எண்ணெயும் உள்ள இறங்கிடும். அப்படியும் கருப்புதான் வேணும்னா நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சுல நனைச்சு தேச்சுப் பாருங்க, பஞ்சு கருப்பாச்சுன்னா சாயம் ஏத்தின கல்லு, வெச்சிட்டு வந்துடுங்க.

ஒரே பெரிய பலகையா போடச் சொல்லாதீங்க. நாலு பக்கமும் டிராப்பை (தண்ணி இறங்குற ஓட்டை) நோக்கி வாட்டம் வரணும், பெரிய கல்லு வளையாது. 4 இன்ச், 6 இன்ச் துண்டா அறுத்துக் குடுக்கச் சொல்லுங்க, ஜாயிண்ட் அதிகமானா காலுக்குப் பிடிப்பும் அதிகம். வாட்டம் அடிக்கு கால் இன்ச், டிராப் ஒரு ஓரத்துல இருந்தா உங்க 4 அடிக்கு ஒரு முனையில இருந்து மறுமுனைக்கு ஒரு இன்ச் இறங்கணும். இந்தக் கல்லு டைல்ஸை விட கனம்ங்கறதை இப்பவே கொத்தனார்கிட்ட சொல்லி வெச்சிடுங்க, அப்புறம் பாத்ரூம் தரை ரூமை விட உசந்து போச்சுன்னு அழக்கூடாது.

கேள்வி: ஃபிளாட்ல வெள்ளை மார்பிள் போட்டு ரெண்டு வருஷம் ஆகுது. ஷவருக்குக் கீழ டிராப்பைச் சுத்தி பழுப்பா கறை, எவ்ளோ தேச்சும் போகல, அந்த இடம் எப்பவும் ஈரமாவே தெரியுது. ப்ளீச்சிங் பவுடர் போடலாமா?
(வாசகர், சென்னை)

பதில்: ஐயோ, போட்டுடாதீங்க. சில வெள்ளை மார்பிள்ல இரும்புச் சத்து கொஞ்சம் இருக்கும், நாள் முழுக்க ஈரத்துலயே கிடந்தா அது துருப்பிடிச்சு இப்படிப் பழுத்துடும், ப்ளீச் போட்டா இன்னும் வேகமாகும். மேல ஒட்டின கறையா இருந்தா தேச்சா போயிருக்குமே, இது உள்ள இருந்து வர்றது. ஒரு பத்து நாள் அந்த பாத்ரூமைப் பூட்டிப் போடுங்க. ஈரம் காஞ்சு, மறுபடி குளிச்ச ரெண்டாம் நாளே திரும்ப வந்துச்சுன்னா கல்லுக்கு அடியில தண்ணி நிக்குதுன்னு அர்த்தம், வாட்டம் சரியில்ல. துருவை உறிஞ்சி எடுக்கிற பசை பூசி மூடி வைக்கிற வைத்தியம் இருக்கு, மார்பிள் பாலிஷ் பண்றவங்க செய்வாங்க, ஆனா அடியில தண்ணி நிக்கிற வரைக்கும் கறை திரும்பத்தான் வரும். முதல்ல டிராப் ஓரத்தைப் பிரிச்சுப் பாருங்க, காசை பாலிஷுக்குக் கொட்டாதீங்க.

கேள்வி: சீலர் அடிச்சுட்டா கல்லுக்கடியில வாட்டர்ப்ரூஃபிங் வேண்டாம்னு கடைல சொல்றாங்களே?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: சொன்னவர் உங்க கீழ் வீட்ல குடியிருந்தா அப்படிச் சொல்லமாட்டார். சீலர்ங்கறது கல்லு கறையைக் குடிக்கிறதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்ளோதான், ஜாயிண்ட் வழியா தண்ணி இறங்கத்தான் செய்யும். வாட்டர்ப்ரூஃபிங் அடியில தனியா பண்ணி, டிராப்பை அடைச்சு ஒரு நாள் முழுக்கத் தண்ணி கட்டிப் பாத்துட்டு அப்புறம் கல்லு போடுங்க. சீலரை ஜாயிண்ட் அடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தரம், ஜாயிண்ட் நல்லா காஞ்சப்புறம் ஒரு தரம் அடிக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் அப்பப்போ காஞ்ச கல்லு மேல நாலு சொட்டுத் தண்ணி விட்டு பத்து நிமிஷம் பாருங்க, முத்து மாதிரி நின்னா சீலர் இருக்கு, கருத்து உள்ள இறங்குச்சுன்னா மறுபடி அடிக்கிற நேரம் வந்தாச்சு.