பாரிசில் ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும்
வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எனக்கு 64 வயது, வீட்டம்மாவுக்கு 60. செப்டம்பரில் பத்து நாள் பாரிஸ் போகிறோம். ஏஜென்ட் தந்த திட்டத்தில் நாலு நாளில் பதினோரு இடம் இருக்கிறது. முழங்கால் தாங்காது. நிதானமாகப் பார்க்க வழி சொல்லுங்கள்.
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அந்தத் திட்டம் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அதுவும் காலையில். மதியத்துக்கு மேல் ஒரு பூங்கா பெஞ்சு போதும்.

முதலில் காலண்டரில் விடுமுறை நாட்களைக் குறியுங்கள். பலரும் ஏமாறுவது இதில்தான். லூவ்ர், ஒரான்ஜெரி, கிமே ஆகிய மூன்று அருங்காட்சியகங்களுக்கும் செவ்வாய் விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள். ஓர்சே மூடியிருக்கும் திங்களன்று கூட்டம் லூவ்ருக்குத் திரும்பும். லூவ்ர் மூடியிருக்கும் செவ்வாயன்று வெர்சாய்க்குப் போகும். அதனால் திங்களன்று லூவ்ருக்கும் செவ்வாயன்று வெர்சாய்க்கும் போகாதீர்கள். புதனும் வெள்ளியும் லூவ்ர் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். வெயில் தாழ்ந்தபின் போனால் நெரிசல் குறையும்.

லூவ்ருக்கு நேரம் குறித்த டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள். பல அருங்காட்சியகங்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டான மியூசியம் பாஸ் வைத்திருப்பவர்களும் நேரம் பதிவு செய்தாக வேண்டும். 2026 ஜனவரியிலிருந்து நம்மைப் போல ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் 32 யூரோ. உள்ளே டெனோன், சுல்லி, ரிஷ்லியூ என்று மூன்று பகுதிகள். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மோனாலிசா இருக்கும் டெனோனில்தான் தள்ளுமுள்ளு. எங்கள் யோசனை ரிஷ்லியூ. அங்கே கண்ணாடிக் கூரை போட்ட முற்றத்தில் கூஸ்து செதுக்கிய மார்லி குதிரைகள் நிற்கின்றன. கிருஷ்ணாபுரத்துச் சிலைகளின் நகமும் நரம்பும் பார்த்துப் பழகியவர்கள் அந்தப் பளிங்குக் கழுத்தின் முறுக்கைவிட்டு லேசில் நகர மாட்டார்கள்.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் தெம்பு இருக்கிறது என்றால் ஒரான்ஜெரி போங்கள். சின்ன இடம். ஓவியர் மோனேயின் அல்லிக்குளம் இரண்டு முட்டை வடிவ அறைகளில் எட்டு ஓவியங்களாகச் சுவரைச் சுற்றி ஓடுகிறது. உயரம் 2 மீட்டர், நீளம் எல்லாம் சேர்த்து 90 மீட்டருக்கு மேல். சுவரோரமாக நடந்துகொண்டே பார்த்தால் வெறும் தூரிகைத் தீற்றல்தான் தெரியும். நடுவில் இருக்கை போட்டிருக்கிறார்கள், அதில் கால் மணி நேரம் உட்காருங்கள். வெளிச்சம் கூரை வழியாக இறங்குகிறது. வெளியே மேகம் கடந்தால் உள்ளே குளத்தின் நீலம் கறுக்கும், வெயில் வந்தால் வெளுக்கும். மோனே கேட்டதும் இந்த இயற்கை வெளிச்சம்தான்.

ஆசியக் கலைகளுக்கான கிமேயை விட்டுவிடாதீர்கள். 11ஆம் நூற்றாண்டுச் சோழர் நடராசர் அங்கே இருக்கிறார்.

கேள்வி: பள்ளி விடுமுறையில், மே மாதம், மோனேயின் தோட்டத்துக்குப் போனால் அல்லிப்பூ பார்க்கலாமா?
– வாசகி, தென்காசி

பதில்: மே மாதத்தில் அல்லி இருக்காது. ஜூன் கடைசிக்கு மேல் பூக்கத் தொடங்கி செப்டம்பர் வரை இருக்கும். மே மாதத்துக்கு ஐரிஸ் உண்டு. ஜப்பானியப் பாலத்தின் மேல் ஊதாக் கொத்துகளாகத் தொங்கும் விஸ்டேரியாவும் மாதத் தொடக்கத்தில் போனால் கிடைக்கும். அதுவும் குறைச்சல் இல்லை. நவம்பர் முதல் மார்ச் வரை தோட்டம் மூடியிருக்கும்.

பாரிஸ் சான்-லாசார் நிலையத்தில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வெர்னோன். அங்கிருந்து தோட்டம் இருக்கும் ஜிவெர்னிக்கு ஐந்தாறு கிலோமீட்டர், ரயில் நேரத்தை ஒட்டி பஸ் உண்டு. உள்ளே நுழைந்ததும் வீட்டை விட்டுவிட்டு, சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை வழியாக நேரே குளத்துக்குப் போய்விடுங்கள். பத்தரை மணிக்கு மேல் சுற்றுலா பஸ்கள் வந்துவிட்டால் பாலத்தில் நிற்க இடம் இருக்காது. மஞ்சள் சாப்பாட்டு அறையையும் நீல ஓடு பதித்த அடுக்களையையும் பிறகு பார்க்கலாம்.

கேள்வி: நான் விவசாயி. அரண்மனை, ஓவியம் எனக்கு ஒட்டாது. மகன் கூப்பிடுகிறான். எனக்கு ஏதாவது உண்டா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: லுவார் ஆற்றுப் பக்கம் வில்லாண்ட்ரி போங்கள். ஸ்பெயினில் பிறந்த யோவாகிம் கர்வாயோ 1906இல் வாங்கி, தோட்டத்தை மீட்டு எடுத்த மாளிகை. அதன் காய்கறித் தோட்டம் ஒன்பது சதுரம். ஒவ்வொன்றிலும் வேறு கோலம். நீலக் கோசும் சிவப்புத் தண்டுக் கீரையும் பூசணியும்தான் கோலத்துக்கு வண்ணப்பொடி. வருஷத்துக்கு இரண்டு நடவு. ஒரே இனத்தைத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வைத்தால் மண்ணும் சோரும், பூச்சியும் தங்கும் என்பதால் சதுரத்துக்குச் சதுரம் பயிரை மாற்றுகிறார்கள். நெல்லுக்குப் பின் உளுந்து போடும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலில் மேல்தளத்தில் ஏறி முழுக் கோலத்தையும் பார்த்துவிட்டு, பிறகு வரப்பில் இறங்குங்கள். பாரிஸ் மோன்பர்னாஸிலிருந்து டூர் நகருக்கு ரயிலில் ஒன்றே கால் மணி நேரம். டூரிலிருந்து பஸ் வசதி குறைவு, கார் பேசிக்கொள்வதே நல்லது.

கேள்வி: விசாவுக்கு எப்போது விண்ணப்பிப்பது? அல்வா கொண்டுபோகலாமா?
– வாசகி, நெல்லை டவுண்

பதில்: பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும். கோடையில் கைரேகை கொடுக்க நாள் கிடைப்பதே கஷ்டம், மூன்று மாதம் முன்னதாகவே சென்னைக்கு நாள் குறித்துவிடுங்கள். கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும்.

அல்வா இனிப்பு வகை, தடையில் வராது. கடைப் பெட்டியைப் பிரிக்காமல் கொண்டுபோங்கள். நெய்ப் புட்டியும் கருவேப்பிலையும் வேண்டாம், எடுத்துக்கொள்வார்கள். இட்லிக்கு ஏங்கினால் வட பாரிஸில் லா ஷப்பேல் பகுதிக்குப் போங்கள். தெருவே தமிழ்க் கடைகள்தான்.