சட்டம் கடுமையாக இருந்தும் ஒஸ்மிங்டனில் ஏழு பேர் இறந்தது எப்படி?

கேட்டிருப்பது இது: ஆஸ்திரேலியாவில் துப்பாக்கிச் சட்டம் அவ்வளவு கடுமை என்கிறார்களே, அப்படியும் 2018-ல் ஒரு பண்ணைவீட்டில் ஒரே குடும்பம் முழுக்கச் சுட்டுக் கொல்லப்பட்டதே, பிறகு அந்தச் சட்டத்தால் என்ன பயன்?

அந்தச் சமயத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவில், கோதுமை விளையும் பகுதியில், ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். மே 11 அன்று டூட்டியில் இருக்கும்போதுதான் செய்தி வந்தது. அதே மாநிலத்தில், மார்கரெட் ரிவர் என்ற ஊர்ப் பக்கம் ஒஸ்மிங்டன் என்ற இடம். அம்மாவும் 8 முதல் 13 வயது வரையுள்ள நான்கு பிள்ளைகளும், வீடாக மாற்றியிருந்த ஒரு கொட்டகையில் படுத்திருந்தார்கள். பாட்டி பெரிய வீட்டில். சுட்டது தாத்தா. விடியற்காலையில் அவரே போலீசுக்குப் போன் செய்துவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அன்று வார்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

சட்டம் எதைத் தடுக்க வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1996 ஏப்ரலில் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைக் கொன்றான். அடுத்த பன்னிரண்டாம் நாள், மே 10 அன்று, பிரதமர் ஜான் ஹோவர்ட் எல்லா மாநிலங்களையும் ஒரே உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு முறை சுட்டதும் தானாக அடுத்த குண்டு ஏறும் ரைபிள்களுக்குத் தடை. துப்பாக்கி வேண்டுமென்றால் தக்க காரணம் காட்ட வேண்டும், தற்காப்பு ஒரு காரணமாகாது. ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகளைக் காசு கொடுத்து வாங்கி அழித்தார்கள். அதற்கு முந்தைய 18 வருடங்களில், சுட்டவனை விட்டுவிட்டு ஐந்து பேரோ அதற்கு மேலோ இறந்த சம்பவங்கள் 13. அதன் பிறகு ஒஸ்மிங்டன் வரை ஒன்றுகூட இல்லை. 22 வருடம்! இதைப் பயனில்லை என்று என்னால் சொல்லவே முடியாது.

ஆனால் ஒஸ்மிங்டன் தாத்தாவிடம் இருந்த மூன்று துப்பாக்கிகளுக்கும் லைசென்ஸ் இருந்தது. பண்ணை வைத்திருப்பவருக்குத் துப்பாக்கி ஒரு கருவி. ஆட்டுக்குட்டியைத் தூக்க நரி வரும். கால் முறிந்த மாட்டை வலியில் விட முடியாது. கேட்டால் கொடுத்தாக வேண்டிய காரணம்தான். கொடுத்த பிறகு அந்த மனிதரின் மனம் எப்படி இருக்கிறது என்று யார் கேட்பது? ஓட்டை அங்கேதான். தாத்தா திடீரென்று மனம் பேதலித்து இதைச் செய்யவில்லை, யோசித்துத்தான் செய்தார் என்று அந்தப் பிள்ளைகளின் அப்பாவே சொன்னார்.

இதற்கு நான்கு வருடம் முன்னால், 2014-ல், நியூ சவுத் வேல்ஸின் லாக்ஹார்ட் பக்கம் ஒரு விவசாயி மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் சுட்டுவிட்டுத் தானும் இறந்தார். தான் இல்லாமல் அவர்கள் வாழ்வதைவிடச் சாவதே மேல் என்ற தன்னை மையமாக வைத்த எண்ணம்தான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி சொன்னார். இரண்டு இடத்திலும் 'நல்ல மனுஷன்' என்ற பேச்சு எழுந்தது. அதைக் கேட்கும்போது எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அந்தப் பிள்ளைகளைப் பற்றி யார் பேசுவது?

மேற்கு ஆஸ்திரேலியா 1973-ன் பழைய சட்டத்தைத் தூக்கிவிட்டு 2024-ல் புதியது கொண்டுவந்தது. பண்ணைக்காரருக்குப் பத்து, பொழுதுபோக்கு வேட்டைக்காரருக்கு ஐந்து என்று உச்சவரம்பு வந்தது. உடல், மன நலத்தைச் சோதிக்கவும் அதில் இடம் வைத்தார்கள். எண்ணிக்கையைவிட இந்தச் சோதனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு வீட்டை அழிக்க ஒரு துப்பாக்கி போதும்.

எங்கள் ஊரில் எனக்குப் பழக்கமான ஒரு பண்ணைக்காரர் தன் இரும்புப் பெட்டகத்தை ஒருமுறை திறந்து காட்டினார். சுவரோடு போல்ட் போட்டு இறுக்கியது, தோட்டாக்களுக்குத் தனிப் பெட்டி, எல்லாம் விதிப்படி. உள்ளே துப்பாக்கி இல்லை. தம்பி தற்கொலை செய்துகொண்ட வருடம், லைசென்ஸ் உள்ள கடையில் கொண்டுபோய் வைத்துவிட்டாராம். "போலீஸ் சொன்னார்களா?" என்று கேட்டேன். இல்லை, ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவிதான் கேட்டார், மறுநாள் காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன் என்றார்.