மிஷின் சரியாக இருக்கிறது, பாடம் ஏன் கேட்கவில்லை?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு படிக்கிறான். இரண்டு காதிலும் கேட்கும் திறனில் 65 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) குறைபாடு. நான்கு வயதிலிருந்து காது மிஷின் போடுகிறான். வீட்டில் நன்றாகப் பேசுகிறான். ஆனால் வகுப்பு டீச்சர், "பேர் சொன்னா திரும்புறான், பாடம் மட்டும் கேக்காதா? நடிக்கிறான்" என்கிறார். டிக்டேஷனில் பாதி தப்பு. தலைமையாசிரியை சிறப்புப் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறார். மிஷின் வாங்கிய இடத்தில் காட்டினேன், மிஷினில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். "ஸ்கூல் விஷயத்துல ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதித்து மிஷின் பொருத்துபவர்) என்ன பண்ண முடியும்?" என்கிறார் என் கணவர். பள்ளியை மாற்றிவிடலாமா?
— ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் மகன் நடிக்கவில்லை. முதலில் நீங்கள் அதை உறுதியாக நம்புங்கள். டீச்சருக்கு அப்புறம் புரியவைக்கலாம்.

ஒரு மீட்டர் தூரத்தில் நாம் சாதாரணமாகப் பேசும் பேச்சே சுமார் 60 டெசிபல்தான். மிஷின் இல்லாவிட்டால் உங்கள் மகனுக்கு அது எட்டவே எட்டாது. மிஷின் போட்டால், அமைதியான அறையில், பக்கத்தில் இருப்பவர் பேசுவது நன்றாகக் கேட்கும். உங்கள் வீடும் அப்படித்தான், மிஷினைச் சோதித்த அறையும் அப்படித்தான். வகுப்பறை அப்படி இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் குரல் சுமார் 6 டெசிபல் குறைந்துவிடும். அதற்கு மேல் ஃபேன் சத்தம், பெஞ்சை இழுக்கும் சத்தம், பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு. இரைச்சலைவிட டீச்சர் குரல் 15 டெசிபலாவது கூடுதலாக இருந்தால்தான் இந்தப் பிள்ளைகளுக்குப் பேச்சு தெளிவாக விழும். மிஷின் குரலை மட்டும் பெரிதாக்குவதில்லை, இரைச்சலையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறது.

பேர் சொன்னால் திரும்புவது எப்படி என்று டீச்சர் கேட்கிறாரே, அது நியாயமான கேள்விதான். உயிரெழுத்து ஒலிகளுக்குச் சத்தம் அதிகம், அவை எளிதில் காதுக்கு வந்துவிடும். தினமும் கேட்டுப் பழகிய தன் பெயரை அந்த ஓசையை வைத்தே பிள்ளை பிடித்துவிடுவான். ஆனால் பட்டு, கட்டு, தட்டு ஆகிய மூன்றையும் பிரித்துக் காட்டுவது முதல் எழுத்தின் மெல்லிய ஒலி. இரைச்சலில் முதலில் தொலைவது அதுதான். 'ப' சொல்லும்போது உதடு மூடித் திறக்கும், முகத்தைப் பார்த்தால் தெரிந்துகொள்வான். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னால் அதுவும் போய்விடும். டிக்டேஷன் நோட்டை எடுத்துப் பாருங்கள். தப்புகளில் பல இந்த மாதிரி ஒலி மாறிய சொற்களாக இருந்தால், அது கவனக்குறைவு இல்லை என்பதற்கு அந்த நோட்டே சாட்சி. ஆடியாலஜிஸ்டிடம் போகும்போது அதைக் கையோடு கொண்டுபோங்கள்.

இனி உங்கள் கணவர் கேட்டதற்கு வருகிறேன். மிஷின் பொருத்துவதோடு ஆடியாலஜிஸ்டுகளான எங்கள் வேலை முடிவதில்லை. நான் பள்ளிக்குப் போனால் முதலில் பிள்ளை உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பேன். ஒரு பள்ளியில் ஒரு சிறுமியை முதல் பெஞ்சில்தான் உட்கார வைத்திருந்தார்கள், நல்ல எண்ணத்தில். தலைக்கு நேர் மேலே கடகடவென்று ஒரு ஃபேன், பக்கத்தில் வராந்தாக் கதவு. இரண்டாவது பெஞ்சுக்கு, கதவுக்கு எதிர்ப்பக்கமாக மாற்றினோம். அங்கிருந்து டீச்சர் முகமும் தெரிந்தது, பதில் சொல்லும் மற்ற பிள்ளைகள் முகமும் தெரிந்தது. பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி பெஞ்ச் கால்களுக்கு மாட்டினோம். வகுப்பின் இரைச்சல் நன்றாகவே குறைந்தது. அந்த டீச்சர் பிறகு தானாகவே, எழுதி முடித்துத் திரும்பி நின்று பேசப் பழகிக்கொண்டார்.

அதற்கு மேல் தேவைப்பட்டால் ரிமோட் மைக் இருக்கிறது, எஃப்.எம். கருவி என்றும் சொல்வார்கள். டீச்சர் அதைக் கழுத்தருகே மாட்டிக்கொண்டால் அவர் குரல் நேராக மிஷினுக்குப் போய்விடும், வகுப்பில் எங்கே நின்றாலும். எல்லா மிஷினோடும் இது சேராது. உங்கள் மகனுடையதில் சேருமா என்று ஆடியாலஜிஸ்டைக் கேளுங்கள். மிஷின் விற்றவரிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்டைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரிக்கலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லையென்றால் அதையும் அங்கேயே கேளுங்கள்.

ஆடியாலஜிஸ்ட் உங்கள் பள்ளிக்கே வருவது கடினம், அதை ஒப்புக்கொள்கிறேன். வகுப்பறையை ஒரு நிமிடம் வீடியோ எடுத்து அவரிடம் காட்டுங்கள். டீச்சருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள்: எங்கே உட்கார வேண்டும், டிக்டேஷன் எப்படிக் கொடுக்க வேண்டும், எது கேட்கும், எது கேட்காது. பள்ளிக் கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரிடமும் ஒரு நகல் கொடுங்கள்.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒரு சிறு சோதனை. அவன் பின்னால் நின்று ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள், அவன் திருப்பிச் சொல்லட்டும். நேற்று சொன்ன ஒலி இன்று வரவில்லையென்றால் பேட்டரி, காது அச்சு (அளவெடுத்துச் செய்து காதுக்குள் பொருத்தும் பகுதி), சளி, மூன்றையும் பாருங்கள். மிஷின் கீச்சிட்டால் பெரும்பாலும் காது வளர்ந்து அச்சு லூசாகியிருக்கும். புதிதாக அளவெடுக்க வேண்டும். ஒரு ஜோடி பேட்டரி டீச்சர் மேசையில் எப்போதும் இருக்கட்டும்.

பள்ளியை மாற்றுவது பற்றி. சிறப்புப் பள்ளி ஒரு தண்டனை இல்லை. சைகை மொழியில் செழித்து வளர்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் அது அவனுக்கு எது நல்லது என்று பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. ஒரு வகுப்பு சலித்துக்கொள்கிறது என்பதற்காக எடுக்கக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசுப் பள்ளியானாலும் அரசு உதவி பெறும் பள்ளியானாலும், பாகுபாடின்றிச் சேர்த்து, பிள்ளையின் தேவைக்கேற்ற வசதி செய்து தரவேண்டும் என்கிறது. தலைமையாசிரியையிடம் சண்டையாக இல்லாமல், கடிதத்தோடு சேர்த்து இதையும் சொல்லுங்கள். இந்த மாற்றங்களைச் செய்து ஒரு பருவம் பாருங்கள், அப்புறம் யோசிக்கலாம்.

இன்னொன்று. மாலையில் வீட்டுக்கு வந்ததும் மிஷினைக் கழற்றி வைக்கிறானா? திட்டாதீர்கள். பகல் முழுக்க அரைகுறையாக விழுந்த சொற்களை ஊகித்து நிரப்பியே அவன் களைத்திருப்பான். ஒரு அரைமணி நேரம் அமைதியாக இருக்க விடுங்கள். பால் குடித்துவிட்டு அவனே மாட்டிக்கொண்டு வருவான்.